8.37-க்குத் தங்கம், 8.36-க்குச் சாதனை: தேஞ்ஞிப்பலம் 2022, ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் முதல் வாரத்தில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தேஞ்ஞிப்பலத்தில், கோழிக்கோடு பல்கலைக்கழக மைதானத்தில், ஃபெடரேஷன் கோப்பைக்கான தேசிய சீனியர் தடகளப் போட்டி நடந்தது. ஆண்கள் நீளம் தாண்டுதலில் தமிழ்நாட்டின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். கேரளத்தின் முரளி ஸ்ரீசங்கர் 8.36 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். ஆனால் புதிய தேசியச் சாதனையாக ஏட்டில் ஏறியது ஸ்ரீசங்கரின் 8.36தான். முந்தைய சாதனையும் அவருடையதே. 2021 மார்ச்சில் பட்டியாலாவில் தாண்டிய 8.26 மீட்டர்.

இந்தச் செய்தி வந்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் பள்ளித் தடகளத்தோடு பழகியவன் என்ற முறையில் அந்தக் குழப்பத்தை நேரில் கேட்டேன். "சார், முதலில் வந்தவர் தாண்டியது அதிகம். சாதனை மட்டும் இரண்டாவதாக வந்தவருக்கு எப்படிப் போகும்? நம் ஊர் அண்ணனை ஏமாற்றிவிட்டார்களா?" என்று பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கோபமாகவே கேட்டான். யாரும் ஏமாற்றவில்லை. ஆனால் அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் நியாயம் இருக்கிறது. அவன் அதுவரை கலந்துகொண்ட எந்தப் போட்டியிலும் காற்றை யாரும் அளந்ததில்லை.

தேசியப் போட்டிகளில் எழும் சர்ச்சைகளில் பெரும்பாலானவை ஓடுகிறவரின் கால்களைப் பற்றியவை அல்ல. காற்றுமானி, தாண்டுபலகையின் கோடு, ஊக்கமருந்துப் பரிசோதனைக்கான சிறுநீர்ப் புட்டி, முறையீட்டுத் தாள் ஆகியவற்றைப் பற்றியவை. டெல்டாவிலிருந்து போகும் பிள்ளைகள் இவற்றை முதன்முதலாகப் பார்ப்பதே பெரிய மைதானத்தில்தான். தேஞ்ஞிப்பலத்தை முன்வைத்து நான் பேச வருவது அதைத்தான்.

ஒரே மைதானம், வேறு வேறு காற்று

ஜெஸ்வினின் 8.37 மீட்டர் தாண்டலின்போது பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகம் விநாடிக்கு 4.1 மீட்டர். சாதனைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 2.0 மீட்டர். ஸ்ரீசங்கரின் 8.36 அந்த வரம்புக்குள் இருந்தது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஒரே மைதானத்தில், ஒரே மாலையில், ஒருவருக்கு மட்டும் காற்று எப்படிக் கூடும் என்று அடுத்த கேள்வி வரும். அளக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் இதற்கு விடை கிடைக்கும். காற்றுமானி தாண்டுபலகையிலிருந்து 20 மீட்டர் தள்ளி, ஓடுபாதையின் விளிம்பிலிருந்து 2 மீட்டருக்கு மிகாத தொலைவில், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில் நிற்கும். நீளம் தாண்டுபவர் பலகைக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள அடையாளத்தைக் கடந்ததும் கருவி ஓடத் தொடங்கும். மும்முறைத் தாண்டுதலில் அந்த அடையாளம் 35 மீட்டரில் இருக்கும். அங்கிருந்து 5 விநாடி நேரத்துக்கு, ஓடும் திசையில் வீசும் காற்றின் சராசரி வேகம் பதிவாகும். ஒவ்வொரு தாண்டலுக்கும் தனிக் கணக்கு. ஒருவர் தாண்டி முடித்து, மணலைச் சமன்செய்து, அடுத்தவர் ஓடத் தொடங்குவதற்குள் காற்று ஏறலாம், இறங்கலாம், திசையும் மாறலாம்.

காற்று வரம்பைத் தாண்டினால் தாண்டலே செல்லாது என்று நினைப்பவர்கள் நம்மிடையே பலர், ஆசிரியர்கள் உட்பட. அப்படியில்லை. அன்றைய போட்டியின் வரிசையைத் தீர்மானிக்க எந்தக் காற்றில் தாண்டியதும் செல்லும். ஆகவே ஜெஸ்வினின் தங்கத்தில் எந்தக் குறையும் இல்லை. சாதனைக்கும், சர்வதேசப் போட்டிக்கான தகுதித் தூரத்துக்கும் மட்டுமே 2.0 என்ற எல்லை உண்டு. இந்த விதி நியாயமானது என்பதே என் கருத்து. போட்டி என்பது அதே நாளில் அதே குழியில் தாண்டுகிறவர்களுக்கு இடையிலானது. காற்று எல்லோருக்கும் வீசும், ஆறு வாய்ப்புகளில் ஏற்ற இறக்கம் ஓரளவு சமனாகும். சாதனையோ வேறு ஊரில், வேறு ஆண்டில் தாண்டியவரோடு ஒப்பிடுவது. அங்கே பொதுவான அளவுகோல் ஒன்று வேண்டும்.

ஓர் அங்குலத்துக்கும் குறைவான அந்த இடைவெளி இவர்கள் இருவரையும் அதோடு விடவில்லை. 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் பெல்லாரியை அடுத்த விஜயநகரில் ஜெஸ்வின் 8.42 மீட்டர் தாண்டினார். இந்த முறை காற்று வரம்புக்குள் இருந்தது, தேசியச் சாதனை அவர் பெயருக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் புவனேசுவரத்தில் நடந்த மாநிலங்களுக்கிடையேயான சீனியர் போட்டியின் தகுதிச் சுற்றில் ஸ்ரீசங்கர் 8.41 தாண்டினார். மறுபடியும் ஒரு சென்டிமீட்டர், இந்த முறை சாதனை ஜெஸ்வினிடமே நின்றது. இதற்கிடையே 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஸ்ரீசங்கரும் பஹாமாஸின் லாக்குவான் நேர்னும் 8.08 என்ற ஒரே தூரத்தில் நின்றார்கள். இருவரின் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்த்தபோது நேர்னுக்கு 7.98, ஸ்ரீசங்கருக்கு 7.84. தங்கம் நேர்னுக்குப் போனது. "ஒன்று நன்றாக விழுந்துவிட்டது, மற்றதை விட்டுவிடலாம்" என்று நினைக்கும் மாணவர்களுக்கு இந்த எண்களை நான் தவறாமல் சொல்வேன்.

ஜோதியின் 0.1

தேஞ்ஞிப்பலத்தில் நடந்தவற்றில் என்னை அதிகம் உறுத்தியது நீளம் தாண்டுதல் அல்ல, பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டம். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஜோதி யாராஜி 13.09 விநாடியில் ஓடி முடித்தார். அப்போதைய தேசியச் சாதனை 2002-இல் அனுராதா பிஸ்வால் ஓடிய 13.38. இருபது ஆண்டுகள் நின்ற சாதனையை 0.29 விநாடி வித்தியாசத்தில் கடந்திருந்தார் ஜோதி. காற்றுமானி 2.1 காட்டியது. சாதனை பதிவாகவில்லை.

அந்த 2.1-க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றின் வேகத்தை எழுதும்போது அடுத்த மேல் தசமத்துக்கு உயர்த்தி எழுத வேண்டும் என்பது விதி. கருவியில் 2.03 என்று வந்தால் ஏட்டில் 2.1. அதாவது அன்று உண்மையில் வீசியது 2.01 முதல் 2.10 வரை எதுவாகவும் இருந்திருக்கலாம். அனுமதித்த எல்லையைவிட அதிகப்படியாக வீசிய காற்று அதிகபட்சம் 0.1. நூறு மீட்டரில் 2 மீட்டர் பின்காற்று முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கைத்தான் மிச்சப்படுத்தும். அந்தக் கூடுதல் 0.1 கொடுத்திருக்கக்கூடிய நேரம், ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்குகூட வராது. அவர் முறியடித்ததோ நூறில் இருபத்தொன்பது பங்கு.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்றால் 17தான். கருவி அதைத் தாண்டிக் காட்டினால் நெல்லின் தரத்தைப் பற்றி நீங்கள் என்ன வாதிட்டாலும் மூட்டை களத்திலேயேதான் கிடக்கும். எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். போட்ட கோட்டை ஆளுக்கேற்ப நகர்த்தினால் அதற்குப் பிறகு கோடு இல்லை. ஆகவே 2.1-க்குச் சாதனை மறுக்கப்பட்டதை நான் ஏற்கிறேன், மனவருத்தத்தோடு.

ஏற்க முடியாதது அதற்கு முன் நடந்தது. 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் மூடபித்ரியில் நடந்த அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டியில் ஜோதி இதே ஓட்டத்தை 13.03 விநாடியில் ஓடியிருந்தார். அதுவும் தேசியச் சாதனையாகவில்லை. காரணம் காற்று அல்ல. அந்தப் போட்டியில் அவருக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்கவில்லை. பரிசோதனை இல்லாமல் சாதனையை ஏற்கக் கூடாது என்ற விதி சரியானது. ஆனால் பரிசோதகரை அழைத்து வருவது ஓட்டக்காரியின் வேலையா? நாட்டின் பல்கலைக்கழகங்கள் அத்தனையும் வந்து கூடும் போட்டியில் அந்த ஏற்பாடு இல்லையென்றால், அதன் விலையை அந்தப் பெண் ஏன் கொடுக்க வேண்டும்? காற்று யார் கையிலும் இல்லை. பரிசோதனை நடத்துவது போட்டி நடத்துவோர் கையில் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து "துரதிர்ஷ்டம்" என்று முடித்துவிடும் பேச்சு எனக்கு உடன்பாடில்லை.

ஜோதி காத்திருந்தார். 2022 மே 10 அன்று சைப்ரஸின் லிமசோலில் 13.23. அது எதிர்க்காற்று, மைனஸ் 0.1. முன்பு ஓடிய இரண்டு நேரங்களையும்விட மெதுவான ஓட்டம்தான். ஆனாலும் எல்லாம் முறைப்படி இருந்ததால் அதுவே தேசியச் சாதனையானது. அதே ஆண்டு குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியில் 12.79 ஓடினார், மறுபடியும் காற்று 2.5. சில நாட்களில் பெங்களூருவில் தேசிய ஓப்பன் போட்டியில் 12.82, காற்று வரம்புக்குள். 13 விநாடிக்குள் முறைப்படி ஓடிய முதல் இந்தியப் பெண்ணாக அன்றுதான் அவர் பெயர் எழுதப்பட்டது.

தடை ஓட்டத்தில் பின்காற்று முழு வரமும் அல்ல. முதல் தடை 13 மீட்டரில், அதன்பின் ஒவ்வொன்றும் 8.5 மீட்டர் இடைவெளியில். நடுவே மூன்று எட்டுகள்தான். காற்று தள்ளினால் எட்டு நீளும், தடைக்கு மிக நெருக்கத்தில் போய் நின்று எழும்ப வேண்டிவரும், முட்டிக்கொள்வார்கள். அந்தக் காற்றிலும் தாளம் தவறாமல் ஓடியதற்கு ஜோதிக்குத் தனியாக ஒரு பாராட்டு உண்டு. எந்தப் பதிவேட்டிலும் அதற்கு இடமில்லை.

ஆடிக் காற்றும் குறுவட்டப் போட்டியும்

இனி நம் ஊருக்கு வருவோம். பள்ளிகளுக்கான குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டியே நடக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மரங்களற்ற வயல்வெளியில் தடையின்றி அடிக்கும் பருவம் அது. மன்னார்குடி, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களில் அப்போது நின்றவர்களுக்குத் தெரியும். கோடு போட்ட சுண்ணாம்புத் தூள் முதல் ஹீட்ஸ் (தகுதிச் சுற்று) முடிவதற்குள் பாதி பறந்துவிடும். கடலோரத்தில் இன்னொரு சிக்கல். நாகை, வேதாரண்யம் பக்கம் காலையில் மேல்காற்று, பிற்பகலில் கடல்காற்று. காலையில் ஹீட்ஸில் முதுகைத் தள்ளிய காற்று மாலை இறுதிப்போட்டியில் முகத்தில் அடிக்கும். காலையில் எடுத்த நேரத்தைப் பார்த்து ஒரு பிள்ளையை உயர்த்திப் பேசி, மாலையில் அதே பிள்ளையைத் திட்டும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேரம் எடுப்பதும் இப்படித்தான். ஸ்டாப்வாட்ச்சில் எடுக்கும் நேரத்துக்கும் மின்னணு நேரத்துக்கும் நூறு மீட்டரில் 0.24 விநாடி வேறுபாடு என்று வைத்துக்கொள்வது வழக்கம். துப்பாக்கிப் புகையைக் கண்டு அழுத்தாமல் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் வேறுபாடு இன்னும் கூடும். பின்காற்றில், ஸ்டாப்வாட்ச்சில் 11.0 எடுத்த பையன் மாநிலப் போட்டியில் எதிர்க்காற்றில், மின்னணுக் கருவியில் 11.5 என்று பார்க்கும்போது உடைந்துபோகிறான். அவன் ஓட்டம் குறையவில்லை, அளவு மாறியிருக்கிறது. இதை முன்கூட்டியே அவனுக்குச் சொல்லாதது நம் தவறு.

காற்றுமானி வாங்கப் பள்ளிகளிடம் பணமில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு கம்பும் ஒரு முழத் துணியும் எல்லாப் பள்ளியிலும் உண்டு. தாண்டுபலகைக்கு அருகே காற்றின் திசை தெரியும்படி காற்றுப்பை வைக்க வேண்டும் என்பது பெரிய போட்டிகளின் விதியும்கூட. கம்பில் கட்டிய துணி எந்தப் பக்கம், எவ்வளவு நிமிர்ந்து பறக்கிறது என்று பார்த்து, பின்காற்று பலமாக இருந்தால் ஓட்டம் தொடங்கும் செக் மார்க்கை ஓரடி பின்னுக்குத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் எட்டு நீண்டு, கால் கோட்டைத் தாண்டும். எதிர்க்காற்று என்றால் முன்னுக்கு நகர்த்த வேண்டும். மாநிலப் போட்டியில் நம் பிள்ளைகள் முதல் இரண்டு தாண்டலையும் ஃபவுல் ஆக்கிவிட்டு மூன்றாவதில் பயந்து பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே எழும்புவது பெரும்பாலும் இந்த ஓரடியைச் சரிசெய்யத் தெரியாததால்தான்.

இதே மண்ணிலிருந்து போன ஒருவர் காற்றை எப்படிக் கையாண்டார் என்பதற்கும் சான்று இருக்கிறது. மன்னார்குடிப் பக்கத்துப் பிரவீன் சித்திரவேல். 2018 இளையோர் ஒலிம்பிக்கில் மும்முறைத் தாண்டுதலில் வெண்கலம் வென்றவர். 2022 பர்மிங்காமில் எல்தோஸ் பால், அப்துல்லா அபூபக்கர் இருவரும் தங்கமும் வெள்ளியும் வென்ற அதே போட்டியில் 16.89 மீட்டர் தாண்டி நான்காமிடம் பெற்றார், வெண்கலம் 16.92-க்குப் போனது. மூன்று சென்டிமீட்டர். 2023 மே மாதம் ஹவானாவில் 17.37 தாண்டி, ரஞ்சித் மகேஸ்வரி 2016-இல் படைத்த 17.30 என்ற தேசியச் சாதனையை முறியடித்தார். அன்று காற்றுமானி காட்டியது மைனஸ் 1.5. எதிர்க்காற்றில் தாண்டிய 17.37 அது. 2025 ஏப்ரலில் கொச்சியில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் அதே தூரத்தை மீண்டும் தொட்டார். செய்திகள் 17.37 என்ற எண்ணோடு நின்றுவிடுகின்றன. அந்த மைனஸ் 1.5-ஐயும் சேர்த்துச் சொன்னால்தான் நம் மாணவர்களுக்கு அவர் செய்ததன் முழு அளவு புரியும்.

கோடு

காற்றைவிட அதிகம் கண்ணீர் வரவழைப்பது கோடு. 2021 நவம்பருக்கு முன்பு, தாண்டுபலகைக்கு அடுத்துள்ள பிளாஸ்டிசின் (களிமண் போன்ற மென்மையான பொருள்) பட்டையில் காலணித் தடம் விழுந்தால் ஃபவுல். அந்தப் பட்டை 45 பாகைச் சரிவில் இருந்ததால், காலணியின் முனை கோட்டுக்கு மேலாக லேசாக நீண்டும் தடம் விழாமல் தப்பிக்க வழியிருந்தது. இப்போது விதி மாறிவிட்டது. எழும்பும் காலின் எந்தப் பகுதியும், கோட்டிலிருந்து செங்குத்தாக மேலெழும் கற்பனைச் சுவரைக் கடந்தாலே ஃபவுல். பட்டையும் 90 பாகையில் நிற்கிறது. பெரிய போட்டிகளில் கேமரா அதைப் பார்க்கிறது. நம் மைதானங்களில் புதைத்த மரப்பலகையும் ஒரு நடுவரின் கண்ணும்தான். பழைய விதியில் பழகிய காலை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பின்வாங்க வைக்க ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி வேண்டும்.

ஓட்டத்திலும் கோடு உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்து ஜி. லட்சுமணன் 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். வெண்கலம் என்று ஊரே மகிழ்ந்த சற்று நேரத்தில், தடத்தின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததாகச் சொல்லித் தகுதிநீக்கம் செய்தார்கள். இந்தியத் தரப்பின் முறையீடும் ஏற்கப்படவில்லை. நம் மைதானங்களில் உள்விளிம்பு என்பது காற்றில் அழிந்த சுண்ணாம்புக் கோடு. அதன்மேல் கால் வைத்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும், குறுவட்டத்திலேயே சொல்லிவிட்டால் ஜகார்த்தாவில் கேட்க நேராது.

பட்டியாலா, 2019

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது.

திருச்சி மாவட்டம் முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியத் தடகளப் போட்டியின் 800 மீட்டரில் 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். காவிரிக் கரை முழுக்கக் கொண்டாடியது. ஒரு மாதத்துக்குள் செய்தி தலைகீழானது. தோஹாவுக்கு முன், மார்ச் மாதம் பட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த மாதிரியிலேயே நான்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டின் அடையாளம் இருந்தது. தோஹா மாதிரியிலும் இருந்தது. தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்று அவர் சொன்னார். நான்கு ஆண்டுத் தடை வந்தது, பதக்கம் பறிபோனது.

என் கேள்வி அந்த ஒரு மாதத்தைப் பற்றியது. பட்டியாலா முடிவு உரிய காலத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். ஒரு தேசியப் போட்டியின் பரிசோதனை அடுத்த சர்வதேசப் போட்டிக்கு முன் முடியவில்லையென்றால், சர்வதேச மேடையில் நாட்டுக்கு அவமானம், ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் சுமை. தவறு செய்தவரைத் தண்டிக்கும் அமைப்பு தன் வேகத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளில் இன்னொரு பெயர். திருச்சியின் எஸ். தனலட்சுமி 2021 மார்ச்சில் அதே பட்டியாலாவில் 100 மீட்டரை 11.39 விநாடியில் ஓடி, ஓட்டக்காரி டூட்டி சந்த்தைத் தோற்கடித்தார். 200 மீட்டர் தகுதிச் சுற்றில் 23.26, பி.டி. உஷா 1998-இல் படைத்த 23.30 என்ற போட்டிச் சாதனை முறிந்தது. அடுத்த ஆண்டே மெட்டான்டியனோன் என்ற ஸ்டீராய்டு உடலில் இருந்ததாகப் பரிசோதனையில் சிக்கி மூன்று ஆண்டுத் தடை பெற்றார். இது இந்தப் பகுதிக்கு மட்டும் உரிய நோயல்ல. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்குப் பரிசோதகர்கள் வந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடிய காட்சியை நாடே பார்த்தது. ஆனாலும் இரண்டும் நம் வீட்டுப் பெயர்கள். தள்ளி வைத்துப் பேச என்னால் முடியவில்லை.

உடலில் எது இருந்தாலும் அதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு. யார் கொடுத்தது, தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் தண்டனையின் அளவைத்தான் மாற்றும், குற்றத்தை அழிக்காது. இந்த விதியை எட்டாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும். காய்ச்சலுக்கு ஊசி போடும் கிளினிக்கில், மூட்டுவலிக்கு மருந்து தரும் கடையில், லேபிள் இல்லாத சத்துமாவுப் பொட்டலத்தில் ஆபத்து இருக்கலாம். 2022 ஜனவரி முதல் எந்த வழியில் செலுத்தும் குளூக்கோகார்ட்டிகாய்டு ஊசியும் போட்டிக் காலத்தில் தடை. மூட்டு வீக்கத்துக்கு நம் ஊர்களில் சாதாரணமாகப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி இதில் அடங்கும். உண்மையான நோய்க்கு அந்த மருந்துதான் வேண்டும் என்றால் சிகிச்சைக்கான விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பம் இருப்பதே தெரியாத பயிற்சியாளர்கள் டெல்டாவில் நிறைய. மருத்துவரிடம் போகும்போது "நான் தடகள வீராங்கனை, பரிசோதனைக்கு உட்பட்டவள்" என்று முதல் வாக்கியமாகச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். மருந்துச் சீட்டை எறியாமல் வைத்திருக்கப் பெற்றோரைப் பழக்க வேண்டும்.

முறையீடு

கடைசியாக, அதிகம் பயன்படாத ஒரு உரிமை. 2023 அக்டோபர் 1, ஹாங்சோ ஆசியப் போட்டி, பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்ட இறுதி. பக்கத்துத் தடத்தில் சீனாவின் வூ யானி முந்திப் பாய்ந்தார். அதைக் கண்டு ஜோதியும் அசைந்தார். நடுவர்கள் இருவரையும் வெளியேற்றப் பார்த்தார்கள். ஜோதி நகரவில்லை. அங்கேயே நின்று எதிர்ப்பைத் தெரிவித்தார், திரையில் காட்டச் சொன்னார். முறையீட்டின் பேரில் ஓட அனுமதித்தார்கள். 12.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார்; பிறகு வூ தகுதிநீக்கம் செய்யப்பட, ஜோதிக்கு வெள்ளி. தேஞ்ஞிப்பலத்தில் கருவிக்குப் பணிந்தவர் இங்கே பணியவில்லை. கருவியின் கணக்கு வேறு, மனிதரின் தீர்ப்பு வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பிள்ளைகள் நடுவர் சிவப்புக் கொடி காட்டினால் தலைகுனிந்து வந்துவிடுகிறார்கள். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். விதி அவர்களுக்கு என்ன தருகிறது என்று பாருங்கள். ஃபவுல் என்று அறிவித்த உடனே வாய்மொழியாக எதிர்ப்புச் சொன்னால், அந்தத் தாண்டலை அளந்து தற்காலிகமாகக் குறித்துவைக்கும்படி மேல்நடுவர் உத்தரவிடலாம்; முடிவு பிறகு. அறிவித்த முடிவின்மீது 30 நிமிடத்துக்குள் முறையீடு செய்யலாம். அதிலும் தீராவிட்டால் வைப்புத்தொகை கட்டி எழுத்து மூலமாக மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். ஆனால் மணலைச் சமன்செய்துவிட்டால் தடம் போய்விடும். அளக்க எதுவும் இருக்காது. எனவே இந்த உரிமையின் ஆயுள் சில விநாடிகள்தான். "சார், எனக்கு இதில் ஆட்சேபம் இருக்கிறது, அளந்து வையுங்கள்" என்று பணிவாகவும் உரக்கவும் சொல்லப் பயிற்சியின்போதே பழக்க வேண்டும், ஓடுவதைப் பழக்குவது போலவே.

வரும் ஆடியில் குறுவட்டப் போட்டி நடத்தும் நண்பர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாதவை. தாண்டுபலகைக்கு அருகே ஒரு துணிக் கம்பு. முடிவுத்தாளில் ஒவ்வொரு தாண்டலுக்கும் பக்கத்தில் "பின்", "எதிர்", "பக்கவாட்டு" என்று காற்றின் திசையை எழுத ஒரு கட்டம். ஸ்டாப்வாட்ச் நேரத்துக்குப் பின்னால் "கை" என்று ஒரு குறிப்பு, மாநிலப் போட்டிக்கு அனுப்பும்போது யாரும் அதை மின்னணு நேரமாக நினைத்துவிடாமல் இருக்க. ஓட்டத்தின் உள்விளிம்பில் நிற்க ஒரு நடுவர். பிறகு, மணற்கட்டையைப் பிடித்திருக்கும் மாணவனுக்கு ஒரு கண்டிப்பான அறிவுரை: கொடி வெள்ளையோ சிவப்போ, நடுவர் "சமன்செய்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை குழிக்குள் இறங்கக் கூடாது.